சாப்பிட்டதும் சொல்லிக்கொள்ளலாம்

1

நேற்று மிக்கேலுக்கு அந்த அட்டை வந்துவிட்டது. இந்தியாவில் பிறந்து, பிறகு வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்டவர்கள் விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோவதற்கு நம் அரசாங்கம் கொடுக்கும் அட்டை. பதினான்கு மாதம் காத்திருந்து வாங்கியிருக்கிறான். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. எட்டு வாரத்தில் அவனிடமிருந்து எனக்கு வந்த முதல் செய்தி அதுதான்.

நான் மெல்பர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். படம் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைக்குள் மிக்கேல் விறைப்பாக இருந்தான். இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆயிரம் விதி சொல்லி எடுத்த படம். அதை எடுத்த நாளில் அவனுடைய அப்பா உயிரோடு இருந்தார்.

'சந்தோசம்லே' என்று எழுதினேன். அழித்தேன். 'எப்ப ஊருக்குப் போற' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. டப்பாவை அப்படியே மூடி வைத்தேன்.

வெளிநாட்டில் இருக்கிறவன் எழுதினால் பனி, மலை, குப்பை இல்லாத ரோடு என்று எழுதுவான் என்று நினைப்பீர்கள். இதிலும் பனியும் மலையும் வருகின்றன. ஆனால் நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி. நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

2

நாங்கள் மூன்று பேர். நான் முத்தையாபுரத்துச் சுயம்பு. மிக்கேல் புன்னைக்காயல்காரன். சுலைமான் காயல்பட்டினம். தூத்துக்குடியில் பாலிடெக்னிக் படித்தபோது மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்பே ஏறிவிடுவார்கள். முத்தையாபுரம் வரும்போது பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது. எனக்காக நோட்டைப் போட்டு ஒரு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த இடத்துக்காக மிக்கேல் எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறான் என்று எனக்கே தெரியாது.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனோம். சுலைமான் துபாய், மிக்கேல் சென்னை, நான் ஹார்பரில் ஒரு ஷிப்பிங் ஆபீஸ். பிறகு ஒருவர் பின்னால் ஒருவராக மூவரும் இங்கே வந்து சேர்ந்தோம். மிக்கேல் டவுன் பஸ் ஓட்டுகிறான். சுலைமான் ஒரு மருந்துக் கிடங்கில் இருக்கிறான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவன் வண்டி ஓட்டுவதில்லை.

எங்களுக்குள் இருக்கும் ஒட்டுதல் எங்கள் பிள்ளைகளுக்குள் இல்லை. ஒரே வீட்டில் கூடினாலும் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். என் மகள் பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். முத்தையாபுரம் எங்கே இருக்கிறது என்று அவளுடைய சிநேகிதி கேட்டதற்கு, இலங்கைக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிட்டாள். தப்பென்றும் சொல்ல முடியாது.

வருடத்துக்கு ஒருமுறை மூவரும் மலைக்குப் போவோம். அதற்குக் காரணம் மிக்கேலின் அப்பா சூசை மாமா. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் திருவிழாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை கடைசியில் கொடி ஏறியதிலிருந்து ஆகஸ்ட் ஐந்து வரை மாமா தினமும் புன்னைக்காயலில் இருந்து பஸ் பிடித்துத் தூத்துக்குடிக்குப் போய்வருவார். சட்டை முதுகோடு ஒட்டுகிற ஊரில் பனியின் பெயரில் ஒரு மாதா. மாமா பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே ஜூலையும் ஆகஸ்டும் குளிர்காலம். மிக்கேல் வந்த முதல் வருடம் மலையில் பனிக்குள் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். மாமா அதைக் கோயில் வாசலில் நின்று, "எம்மவன் மாதாவுக்குப் பக்கத்துல நிக்கான் பாரு" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து திருவிழா முடிவதற்குள் பனி வீடியோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு வருடம் தாமதமானதற்கு, "அங்கன இந்த வருசம் பனி பெய்யலையாலே" என்று போன் வந்தது.

இந்த வருடம் மாமா மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். மூச்சு வாங்கியது. மிக்கேல் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவன் இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான், பழைய பாஸ்போர்ட் செல்லாது. அட்டைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். ஒரு சான்றிதழில் அப்பா பெயர் சூசை. இன்னொன்றில் சூசை பர்னாந்து. மூன்றாவதில் பர்னாந்து சூசை. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடு என்றார்கள். கொடுத்தான். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது என்று திரும்பி வந்தது. சுற்றுலா விசா எடுத்தாவது போய்விட்டு வா என்று நானும் சுலைமானும் பலமுறை சொன்னோம்.

"எங்கப்பாவப் பாக்கப் போறதுக்கு நான் டூரிஸ்டாலே?" என்பான்.

அடுத்த வாரம் வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்றே மூன்று மாதமும் போய்விட்டது.

3

கொடி ஏறி ஒரு வாரம் ஆன வெள்ளிக்கிழமை. மூவரும் லீவு போட்டுவிட்டு காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மிக்கேலின் வண்டி. வாரம் முழுக்க பஸ் ஓட்டினாலும் அவன் ஸ்டியரிங்கை வேறு ஆளிடம் கொடுக்க மாட்டான். நான் அவன் பக்கத்தில். பின்னால் சுலைமான், அவன் மனைவி கட்டிக் கொடுத்த நெய்ச்சோற்றுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்து அதற்கும் பெல்ட் போட்டிருந்தான்.

கண்ணாடி துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தேன். நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று சரிந்து என் மடியில் விழுந்தது.

"அது கெடக்கட்டும். உள்ள வையி" என்றான் மிக்கேல்.

வண்டி இன்சூரன்ஸ் பேப்பராக இருக்கும் என்று உள்ளே தள்ளி மூடினேன்.

பத்து மணிக்கு வழியில் ஒரு ஊரில் பெட்ரோல் போட நின்றோம். மிக்கேல் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அவனுடைய தங்கை ஜெசிந்தா. புன்னைக்காயலில் அப்பாவோடு இருப்பவள் அவள்தான். ஊரில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். எடுத்தேன்.

"அண்ணே, எங்கண்ணன் பக்கத்துல நிக்கானா?"

"இல்லம்மா, தள்ளி நிக்கான். சொல்லு."

"அப்பா போயிட்டாவ அண்ணே. அஞ்சு மணி இருக்கும்."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பான்னுதான் அவனுக்கு அடிக்காம உங்களுக்கு அடிச்சேன். நீங்களே பக்குவமா சொல்லிருங்க. வருவான்னா ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். வர முடியாதுன்னா நாளைக்கே அடக்கம் பண்ணிருவோம்னு சாமியார் சொல்லுதாவ. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணே."

"சரிம்மா. சொல்லிட்டுக் கூப்பிடுதேன்" என்றேன்.

கடைக்குள் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்த சுலைமானிடம் போய்ச் சொன்னேன். அவன் உதட்டுக்குள் ஏதோ ஓதினான். பிறகு என் தோளைப் பிடித்தான்.

"போயி சொல்லிருப்பா. மௌத்துச் செய்திய மடியில கட்டிக்கிட்டு அலையக் கூடாது. எங்க ஊர்ல பள்ளிவாசல்ல மைக்கு போட்டே சொல்லிருவாங்க."

"வண்டி ஓட்டுதவன்கிட்டயா?"

"நீ ஓட்டு."

"குடுப்பானா அவன்? காலையிலேருந்து வெறும் வயித்தோட வேற இருக்கான். மேல போயி நாலு வாய் சாப்பிட்டதும் சொல்லிக்கிடலாம்."

"அவன் தங்கச்சி கேட்டதுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"விசா என்ன இன்னைக்கே கெடைக்கவா போகுது?" என்றேன்.

அப்போது மிக்கேல் மூன்று டீயோடு வந்தான். "என்னலே, ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுதிய? அவன் பொண்டாட்டி சோத்துல உப்புப் போட மறந்துட்டாளா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

4

நம் பக்கத்தில் துட்டி, அதாவது சாவுச் செய்தி, சொல்ல வருகிறவன் நேராகச் சொல்ல மாட்டான். உங்களுக்குத் தெரியும். 'கொஞ்சம் சீரியஸா இருக்காவ, கெளம்பி வா' என்பான். வழியில் இருப்பவனிடம் அதுகூடச் சொல்ல மாட்டான். சொல்லிவிட்டால் அடக்கம் முடியும்வரை அவன் தொண்டையில் எதுவும் இறங்காது. அதனால் முதலில் ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்வார்கள். சொல்கிறவன் கூடவே உட்கார்ந்து பரிமாறுவான். கை கழுவித் துடைத்த பிறகு விஷயம் வரும்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் அம்மா இறந்தபோது என்னிடம் சொன்னவன் மிக்கேல்தான். ஒரு சனிக்கிழமை மதியம். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கையில் புரோட்டா பொட்டலத்தோடு வந்து கதவைத் தட்டினான். இந்தியக் கடை ஒன்றில் தூத்துக்குடிப் புரோட்டா மாதிரியே போடுகிறார்கள், சூடு ஆறுவதற்குள் சாப்பிடு என்றான். நானும் உட்கார்ந்தேன். ஆபீஸ் கதை, பஸ் கதை எல்லாம் பேசினோம். நன்றாகச் சிரித்தோம். மூன்றாவது புரோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் சால்னா ஊத்துலே என்று கேட்டு வாங்கினேன். கை கழுவி வந்து உட்கார்ந்ததும் சொன்னான்.

அப்போது என்னிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. அன்றே விமானம் ஏறி, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டேன். எந்தக் குறையும் இல்லை. ஆனால் விமானத்தில் பதினைந்து மணி நேரமும் எனக்கு நினைவில் இருந்தது அம்மா இல்லை, அந்தச் சால்னாதான். அம்மா போய் மூன்று மணி நேரம் கழித்து சால்னா கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். மிக்கேலிடம் இதை நான் சொன்னதே இல்லை. நன்மைக்குத்தானே செய்தான், என்னவென்று சொல்வது? அதற்குப் பிறகு நான் புரோட்டா சாப்பிடுவதில்லை. கேட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவேன்.

யாருக்கும் இதை நான் செய்ய மாட்டேன் என்று அப்போது நினைத்தேன். ஆனால் நேரம் வந்தபோது எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

5

அந்த மலையூரின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு தெரு. ஒரு பேக்கரி, ஒரு தபால் ஆபீஸ், டயருக்குப் போடும் சங்கிலி வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடை. தெருவின் கடைசியில் ஆறு. இலை உதிர்ந்த மரங்கள், வீட்டுக்கு வீடு விறகுப் புகை. தெருவில் இரண்டு பேர் நடந்தார்கள், இரண்டு பேரும் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். மற்ற வருடங்களில் அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். இந்த முறை போட்டு அமுக்கியது.

ஆற்றங்கரையில் மரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மணி பன்னிரண்டே முக்கால். நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். காயல்பட்டினத்துக் கல்யாணச் சாப்பாட்டை சுலைமான் மனைவி அப்படியே செய்திருந்தாள். மிக்கேல் ரசித்துச் சாப்பிட்டான். நடுவில் ஜெசிந்தாவுக்கு அடித்துப் பார்த்தான். டவர் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. ஒருமுறை மணி போனது, அவள் எடுக்கவில்லை.

"பூசைக்குப் போயிருப்பா. கொடியேறியிருக்குலா" என்று அவனே சொல்லிக்கொண்டு போனை வைத்தான். பிறகு தட்டை நீட்டினான். "இன்னொரு கரண்டி கறி போடுலே."

சுலைமான் என்னைப் பார்த்தான். நான் கறியை எடுத்துப் போட்டேன்.

சாப்பிட்டதும் சுலைமான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி ஆற்றங்கரைப் புல்லில் விரித்துத் தொழுதான். பிரயாணத்தில் இருப்பதால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகவில்லை. வழக்கத்தைவிட நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு என்னலே இவன் இவ்வளவு நேரம் கும்பிடுதான்?" என்றான் மிக்கேல்.

அதுதான் நேரம். சாப்பிட்டாகிவிட்டது, கையும் கழுவியாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"வெளிச்சம் போறதுக்குள்ள மேல போயிரணும். அப்பா நாலு நாளா ஒண்ணும் குடிக்க மாட்டேங்காவளாம். வீடியோவப் பாத்தா எந்திரிச்சு உக்காருவாவன்னு ஜெசி சொன்னா."

சாப்பிடட்டும் என்று இருந்தேன். இப்போது பனியைப் பார்க்கட்டும் என்று தோன்றியது. தள்ளிப்போடுகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

6

மேலே போகிற வண்டியில் சங்கிலி இருக்க வேண்டும் என்பது சட்டம். வாடகைக்கு எடுத்தோம். பாதி வழியில் பனி ரோட்டில் கிடந்ததால் இறங்கி டயரில் மாட்ட வேண்டியிருந்தது. மிக்கேல் குனிந்து வலையைப் பிரிப்பது போலச் சங்கிலியைப் பிரித்தான். அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. நானும் சுலைமானும் கை விறைத்து நின்றோம். அவன் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டே மாட்டினான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வண்டியை நிறுத்தினோம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. முழங்கால் வரை பனி. மிக்கேல் கையுறையைக் கழற்றிவிட்டு போனை நீட்டிப் பிடித்தான்.

"அப்பா, இந்தா பாருங்க பனி. இந்த வருசம் நெறய கெடக்கு. எந்திரிச்சு உக்காந்து பாருங்க. ஏளா ஜெசி, அப்பா கையில போனக் குடு. சுயம்பும் சுலைமானும் இங்கனதான் நிக்கானுவ. மாதாவுக்கு எனக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி பொருத்திருங்க."

எங்கள் பக்கம் போனைத் திருப்பினான். சுலைமான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கையை ஆட்டினேன்.

எடுத்து முடித்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டான். "கீழ எறங்கித்தான் அனுப்பணும். டவர் இல்ல."

"அனுப்பாத மிக்கேலு" என்றேன்.

"ஏன்?"

"மாமா போயிட்டாவ."

அவன் போனைப் பையில் வைத்தான். கையுறையை மாட்டினான். ஒரு கை மாட்டியதும் நிறுத்திவிட்டான்.

"எப்ப?"

"காலையில. ஊர்ல அஞ்சு மணிக்கு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் செய்தி வந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"பெட்ரோல் போட்டோம்லா. அங்கன வச்சு ஜெசி சொன்னா."

"அப்ப நான் டீ வாங்கிட்டு வந்தேன்."

"ஆமா."

"அவன் பொண்டாட்டியச் சொல்லிச் சிரிச்சேன்."

"ஆமா."

"ரெண்டாவது கரண்டி கறி வாங்கித் தின்னேன்."

அதற்கு என்னால் ஆமா சொல்ல முடியவில்லை.

வண்டிக்குள் போய் உட்கார்ந்தான். மணி என்ன என்று கேட்டான். மூன்றரை என்றான் சுலைமான். மிக்கேல் டேஷ்போர்டைத் திறந்து அந்த நீல ஃபைலை எடுத்து என்னிடம் நீட்டினான். உள்ளே விசா விண்ணப்பம். எல்லாம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, தேதி மட்டும் எழுதாமல் இருந்தது. இரண்டு போட்டோ. பாஸ்போர்ட் நகல். சூசை மாமாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு. ஜெசிந்தாவின் ஆதார் நகல்கூட இருந்தது.

"வீட்ல சாவுன்னா அவசர விசா உண்டு. வேல நாள்ல ரெண்டு மணிக்குள்ள நேர்ல குடுத்தா அன்னைக்கே போட்டுருவான். ரெண்டு தடவ போயி விசாரிச்சிட்டு வந்தேன். மூணு மாசமா இந்த ஃபைல் இல்லாம நான் வண்டியவே எடுக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேலே."

"எங்கப்பா சாவதுக்கு ஃபைல் போட்டு வச்சிருக்கேன்னு சொல்லச் சொல்லுதியா?"

ஃபைலை மூடி அவனிடமே நீட்டினேன்.

"பெட்ரோல் பங்குலயே சொல்லியிருந்தா அப்படியே திருப்பியிருப்பேன். பன்னெண்டு மணிக்கு கவுண்டர்ல நின்னுருப்பேன். இன்னைக்கு வெள்ளிக்கெழமலா, சுயம்பு. இனிமே திங்கக்கெழமதான்."

திட்டியிருந்தால் தேவலை. கோபமே இல்லாமல், அலுத்துப்போன குரலில் சொன்னான். சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போனான். அந்த வண்டியை அவன் வேறு ஆளிடம் கொடுத்தது அன்றுதான் முதல் தடவை.

7

இறங்கும்போது நான் ஓட்டினேன். மலையூரைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் மூன்று போனும் ஒன்றாகக் கத்தின. என் போனில் ஜெசிந்தாவிடமிருந்து நான்கு அழைப்பு தவறியிருந்தது. கடைசியில் ஒரு செய்தி. 'அண்ணே, உங்ககிட்டேருந்து பதிலே இல்ல. நாளைக்கு நாலு மணிக்குன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு.'

வண்டியை ஓரமாக நிறுத்தி அதைப் படித்துக் காட்டினேன். மிக்கேல் தலையை ஆட்டினான். பிறகு போனை எடுத்து அந்தப் பனி வீடியோவைத் தன் அப்பாவின் நம்பருக்கு அனுப்பினான். தடுக்க எனக்கு வாயும் இல்லை, யோக்கியதையும் இல்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நீலமாகின.

ஐந்து நிமிடம் கழித்து ஜெசிந்தாவின் நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். ஜெசிந்தா எதுவும் பேசவில்லை. ஆட்கள் நடமாடும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பெண்கள் ஜெபமாலை சொல்லும் சத்தம். ஜெபமாலை ஒவ்வொரு குரலாக நின்றது. பிறகு அந்த வீட்டுக்குள், மாமாவின் போனில் ஓடும் வீடியோவிலிருந்து மிக்கேலின் குரல் கேட்டது. "எந்திரிச்சு உக்காந்து பாருங்க."

மறுநாள் அடக்கத்தை அவன் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். கோயிலுக்குள் போனதும் படம் நின்று நின்று வந்தது. பெட்டியை மூடும்போது சுத்தமாக நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. நான் கிளம்பும்போது மிக்கேல் வாசல் வரை வந்தான்.

அதற்குப் பிறகு எட்டு வாரம். நான் அடித்தால் எடுக்க மாட்டான். சுலைமானிடம் பேசுகிறான், என்னைப் பற்றிக் கேட்பதில்லையாம்.

8

நடந்ததை பிரியாவிடம் ஒருநாள் சொன்னேன். வண்டி ஓட்டுகிறவனிடம் சொல்லக் கூடாது, வெறும் வயிற்றோடு இருப்பவனிடம் சொல்லக் கூடாது, நம் ஊரில் அப்படித்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எனக்காகவோ என்னவோ, தமிழிலேயே சொன்னாள்.

"அது அவரோட அப்பா. அவரோட நியூஸ். நீங்க எப்படி வச்சிக்கலாம்?"

பத்தொன்பது வருடமாக அவள் நம்மை விட்டுத் தள்ளிப் போகிறாள் என்று நான் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அன்று அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். எனக்கு ஏதாவது செய்தி வந்தால் உடனே சொல்லிவிடு, வாயில் சோறு இருந்தாலும் சொல்லிவிடு என்றேன். சொல்லாமல் என்ன செய்வேன் என்பது போலப் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் மிக்கேல் அனுப்பிய அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பு என்று எழுதினால் பெரிய வார்த்தையாக இருந்தது. அதையும் அழித்தேன். கடைசியில் ஒன்பது வருடமாகச் சொல்லாததை எழுதினேன்.

'எங்கம்மா செத்த அன்னைக்கு மூணாவது புரோட்டாவுக்கு நான் சால்னா கேட்டேன். ஞாபகம் இருக்கா?'

உடனே நீலம் விழுந்தது. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினான்.

'நாந்தான ஊத்துனேன்.'

போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். அப்போது இன்னொன்று வந்தது.

'வியாழக்கெழம ஃபிளைட்டு. நீ வந்து கொண்டு விடு. சாப்பாடு ஒண்ணும் கெட்டிட்டு வராத.'

என் மனைவி ஈஸ்வரியிடம் சொன்னேன். ஏர்போர்ட்டுக்குப் போகிறவனுக்கு வழக்கம்போலப் புளிச்சோறு கட்டவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.